நூற்றுப் பதிமூன்றில் இரண்டு வெள்ளத்தாய்

ட்ரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு துப்பறியும் ஆபீசுக்கு யாரும் வருவதில்லை. சுடலையம்மாள் வந்தாள். 1999 ஜூலை, முதல் திங்கட்கிழமை காலை. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டயர்க் கடைக்கு மேலே இருந்த அறை. அவளுக்குப் பின்னால் பாயும் வாளியுமாக அவள் மகள் வெள்ளத்தாய் படியேறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"அண்ணாச்சி, எம் மக பேரை ஒருத்தி களவாண்டுட்டா. நீங்கதான் மீட்டுக் குடுக்கணும்" என்றாள் சுடலையம்மாள்.

"பெட்டியை முதல்ல இறக்கு தாயி" என்றார் சுயம்புலிங்கம்.

சுயம்புலிங்கம் டெலிபோன் இலாகாவில் இருபத்தெட்டு வருடம் லைன் பழுது பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். எந்தக் கம்பத்தில் எந்தக் கம்பி அறுந்தது என்று தேடித் தேடிப் பழகிய மனிதர், பிறகு ஊரார் வீட்டுக் காணாமல் போன சங்கதிகளையும் அதே நிதானத்தோடு தேட ஆரம்பித்தார். குரலை உயர்த்தியதே கிடையாது. அவருக்கு நேர்மாறு, எதிர் நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த ரோசம்மாள். கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர், வயது முப்பத்து நான்கு. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் இங்கேதான் இருப்பாள். துப்பு என்றால் போதும், அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறக்கட்டளை ஏழைப் பெண்களுக்கு இரண்டு வருட நர்ஸ் பயிற்சி இலவசமாகக் கொடுத்தது. சாப்பாடு, விடுதி எல்லாம் உண்டு. முடித்தால் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை. நாற்பது இடம், ப்ளஸ் டூ மார்க் வரிசைப்படி. அந்த வருடம் விண்ணப்பத்தை இன்டர்நெட்டில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சுந்தரபாண்டியத்துக்காரி வெள்ளத்தாய், பிரௌசிங் சென்டருக்குப் போய் விவரமெல்லாம் சொல்லி அடிக்கவைத்தாள். நன்றி என்று ஒரு தாள் வந்தது. அதில் விண்ணப்ப எண் 113. ஜூன் கடைசியில் ஒட்டிய பட்டியலிலும் '113, வெள்ளத்தாய், சுந்தரபாண்டியம்' என்றே இருந்தது. பெட்டி படுக்கையோடு ஜூலை ஒன்றாம் தேதி போய் நின்றார்கள். வெள்ளத்தாய் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டாளே, நீ யார் என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"உள்ள இருக்கவளும் எங்க ஊருக்காரிதான். காளிராஜ் மக. அவ பேரும் வெள்ளத்தாய். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. எம் மக கொஞ்சம் உசரம், அதனால பெரிய வெள்ளத்தாய்ம்பாவ, அவ சின்ன வெள்ளத்தாய். காளிராஜ் நாலு பெரிய மனுசனைத் தெரிஞ்ச ஆளு. ஆபீசுல ஆளைப் பிடிச்சு எம் மக நம்பரைத் தம் மகளுக்கு மாத்திட்டான்."

"மார்க் எவ்வளவு?" என்று பெண்ணிடம் கேட்டார் சுயம்புலிங்கம்.

"தொள்ளாயிரத்து அறுபத்திரெண்டு சார். அவ எண்ணூத்தி எழுபத்தொண்ணு."

"அடுத்த வருஷம் போடலாமே?"

"வயசு தாண்டிரும். ஜூன் ஒண்ணாந்தேதி இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கக் கூடாதுங்காவ. மூணு வருசமா மில்லுல நூல் சுத்துற கோன் ஓட்டுதேன். இனி பஞ்சுத் தூசியில நின்னா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது போச்சுன்னா மறுபடி அங்கதான் போகணும், வேற எங்க போவ."

அதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

"உன் பிறந்த தேதி என்ன?"

"சர்டிபிகேட்டுலயா, நெசத்துலயா?"

சுயம்புலிங்கம் சிரித்தார். "ரெண்டையும் சொல்லு."

"சர்டிபிகேட்டுல ஒண்ணு ஆறு எழுபத்தொம்பது."

"நெசத்துல அந்த வருசம் ஆடிப்பூரத்துக்குத் தேரு ஓடுன அன்னைக்குப் பெத்தேன்" என்றாள் தாய்.

ரோசம்மாளுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "எங்க வீடுகள்ல இந்தக் குழப்பமே கிடையாது சார். மாதா கோவில்ல ஞானஸ்நான ஏடு இருக்கும். பிறந்த நாள், நேரம், ஞானப்பெற்றோர் எல்லாம் அதுல எழுதியிருக்கும்" என்றவள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னொண்ணு தெரியுமா? அந்த அறக்கட்டளையோட வெப் பக்கத்தை எங்க சென்டர்தான் பார்த்துக்குது. பார்க்கிறது நான்தான். சேத்தூர்க்காரர், தவசிமுத்துன்னு ஒருத்தர் எழுதினது. இரண்டாயிரமாம் வருஷக் கோளாறைச் சரி பண்ண ஆள் எடுக்கிறாங்கன்னு பெங்களூர் போயிட்டார். அந்த ஆள் எழுதி வச்சிருந்ததைப் பார்க்கணுமே. இஃப்புக்குள்ள இஃப், அதுக்குள்ள இன்னொரு இஃப். அறுபது வரி. ஏப்ரல்ல உட்கார்ந்து கூட்டிப் பெருக்கிப் பதினெட்டு வரியா ஆக்கிட்டேன்."

"இஃப்புன்னா?" என்று கேட்டாள் சுடலையம்மாள்.

"இப்படி இருந்தா இதைச் செய், இல்லாட்டி அதைச் செய்யின்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதும்மா. அதுவா எதையும் மாத்தாது. மாத்தினது மனுஷன்தான். நாங்க பிடிச்சிருவோம்."

அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம். சொல்லாதுதான், சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். சொல்லிக் கொடுத்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கதை சொல்கிற எனக்கு எரிச்சலே அதுதான்.

மறுநாள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். பிரௌசிங் சென்டர் நடத்தியவன் மைக்கேல். மூன்று கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், நெற்றியில் வியர்வை. போலீஸ் என்று நினைத்துவிட்டான் போல. கேட்பதற்கு முன்பே நோட்டை எடுத்து நீட்டினான். மே 12, காலை பதினொன்றே கால், வெள்ளத்தாய். மே 19, மாலை நாலே முக்கால், வெள்ளத்தாய்.

"பன்னெண்டாந்தேதி வந்தது குட்டையான பொண்ணு. பத்தொம்பதுல வந்தது இருமிக்கிட்டே இருந்த பொண்ணு. ரெண்டு பேருக்கும் நான்தான் அடிச்சேன். வந்த தாளை அப்படியே குடுத்தேன். நான் எதையும் மாத்தல சார், எங்க அம்மா மேல சத்தியம்."

"ஒரு விண்ணப்பத்துக்குப் பட்டனை எத்தனை தடவை அமுக்குவே?"

மைக்கேல் விழித்தான். "அது எப்படிச் சொல்ல? லைன் பாதியில அறுந்துரும். போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு தெரியாது. மறுபடி முதல்ல இருந்து அடிச்சு அமுக்குவோம். ரெண்டு தடவை, மூணு தடவை. எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

சுயம்புலிங்கம் தலையை ஆட்டினார். அந்த லைனின் லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன.

அங்கிருந்து அறக்கட்டளைக்கு. செயலாளர் பால்துரை நேர்மையான மனிதர், அதனாலேயே கடுகடுப்பானவர். சிபாரிசுக் கடிதங்களை உறை பிரிக்காமலேயே கட்டாகக் கட்டி வைத்திருந்தார். "காளிராஜ் யாருன்னே எனக்குத் தெரியாது. மெஷின் குடுத்த பட்டியலை மார்க் வரிசைப்படி எடுத்து ஒட்டினேன். ஒரு எழுத்து நான் மாத்தினேன்னு யாராவது காட்டட்டும், இந்த நாற்காலியில உட்கார மாட்டேன்" என்றார்.

விடுதியிலிருந்து சின்ன வெள்ளத்தாயைக் கூப்பிட்டார்கள். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து நின்றாள். தன் தாளை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அதிலும் எண் 113. தேதி மே 12.

"பிறந்த தேதி?"

"ஒண்ணு ஆறு எழுபத்தொம்பது சார். நெசத்துல தை மாசம். எங்க வகுப்புல முக்காவாசிப் பேருக்கு அதான் சார் பொறந்தநாள்" என்றவள் தயங்கினாள். "என்னை அனுப்பிருவீயளா?"

சுயம்புலிங்கம் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ரோசம்மாள் படபடவென்று ஆரம்பித்தாள். "சார், தெளிவாயிருச்சு. ஒரு எண்ணுக்கு ரெண்டு தாள் இருக்க முடியாது. ஒண்ணு நெசம், ஒண்ணு போலி. முதல் தாளை வச்சு மைக்கேல் ரெண்டாவதைத் தயார் பண்ணியிருக்கான். காளிராஜ் சொல்லிச் செஞ்சிருப்பான்."

"எதுக்கு டீச்சர்? காளிராஜ் மகளுக்குத்தான் பன்னெண்டாந்தேதியே தாள் கிடைச்சிருச்சே. ஒரு வாரம் கழிச்சு இன்னொருத்திக்கு அதே எண்ணைப் போலியாக் குடுத்து அவனுக்கு என்ன லாபம்? வம்புதான் வரும்."

"அப்ப எது போலி?"

"ரெண்டுமே நெசமா இருந்தா?" என்றார் சுயம்புலிங்கம். பஸ் ஏறும்போது கேட்டார். "ஏப்ரலுக்கு முன்னால அந்த வெப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு பார்க்க முடியுமா?"

"பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன் சார். ஒரு புரோகிராமை எப்படி எழுதக் கூடாதுன்னு பசங்களுக்குக் காட்டறதுக்கு. நாளைக்கே கொண்டு வர்றேன்."

புதன்கிழமை மதியம் பால்துரையின் அறையில் எல்லாரும் கூடினார்கள். சுடலையம்மாளும் மகளும் ஒரு பெஞ்சில். சின்ன வெள்ளத்தாய் கதவோரம். மைக்கேல் அவளுக்கு எதிரே. ரோசம்மாள் மேஜைக்குப் பக்கத்தில், பழைய தாளையும் புதிய தாளையும் விரித்து வைத்துக்கொண்டு, எந்நேரமும் கை தட்டத் தயாரானவள் போல நின்றாள்.

"இங்க திருடன் யாரும் இல்லை. அதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமா இல்லை" என்று ஆரம்பித்தார் சுயம்புலிங்கம். "ரெண்டு தாளும் அந்த வெப் பக்கம் குடுத்ததுதான். ஒரே எண்ணை ஏன் ரெண்டு பேருக்குக் குடுத்துச்சு? மைக்கேல் சொன்னான், லைன் அறுந்தா எல்லாரும் மறுபடி அமுக்குவாங்கன்னு. அதைச் சமாளிக்க அந்தப் பக்கத்துல ஒரு நிபந்தனை இருக்கு. இதே பேர், இதே ஊர், இதே பிறந்த தேதியில ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தா, இது பழைய ஆள்தான், புதுசா எழுதாதே, பழைய எண்ணையே குடு. சரிதானே டீச்சர்?"

"ஆமா சார். இல்லாட்டி ஒரு ஆளே மூணு தடவை பட்டியல்ல வந்துரும்."

"நல்ல நிபந்தனைதான். ஒரே பேர், ஒரே ஊர், ஒரே நாள்ல பிறந்த ரெண்டு பேர் இருக்க முடியாதுன்னு நம்பினா நல்ல நிபந்தனை. ஆனா இந்தப் பக்கத்து ஊர்கள்ல குலசாமி பேரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பாங்க. தெருவுக்கு நாலு பேருக்கு ஒரே பேர். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும். பிறந்த தேதி கேட்டா தாய்க்குத் தேரும் பொங்கலும்தான் தெரியும். ஹெட்மாஸ்டர் அஞ்சு வயசு கணக்கா வரட்டும்னு எல்லாருக்கும் ஜூன் ஒண்ணு போட்டுருவார். என் சர்டிபிகேட்டுலயும் ஜூன் ஒண்ணுதான்."

ரோசம்மாளின் கை மேஜைமேல் அசையாமல் நின்றது.

"தவசிமுத்து இதைத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கார். பழைய தாளைப் பாருங்க, காலையில டீச்சரைக் கேட்டுக் கேட்டுத்தான் வரி வரியாப் படிச்சேன். தேதி ஜூன் ஒண்ணா இருந்தா, அந்த ஒற்றுமையை நம்பாதே, தகப்பன் பேரையும் பார். தகப்பன் வேறன்னா ஆளும் வேற, புது எண் குடு. மத்த தேதிக்கு அந்தச் சோதனை இல்லை. ஏன்னா தகப்பன் பேரை நம்ம ஆட்கள் ஒரு தடவை முழுசா எழுதுவாங்க, மறு தடவை பாதியா எழுதுவாங்க. அதுக்கும் கீழ இன்னொண்ணு. பழைய ஆள்னு முடிவானா 'நீங்கள் முன்பே விண்ணப்பித்துவிட்டீர்கள்'னு தனியா ஒரு வாசகம். புதுத் தாள்ல இந்த ரெண்டும் இல்லை."

ரோசம்மாள் புதிய தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதியதுதானே, பார்க்கத் தேவையே இல்லை.

"தேவையில்லாத வரின்னு நினைச்சேன்" என்றாள். "ஒரு தேதிக்கு மட்டும் தனிச் சட்டம் எதுக்குன்னு புரியல. இந்த ஆளுக்கு ஜூன் ஒண்ணு மேல என்ன பிரியமோன்னு வகுப்புல சொல்லிச் சிரிச்சேன். பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம் வருதுன்னு நன்றியை மட்டும் பொதுவா கீழ போட்டேன். அவர் ஏன் சார் பக்கத்துல ஒரு வரி காரணம் எழுதி வைக்கல?"

"அவருக்கு அது காரணம் சொல்ல வேண்டிய சங்கதியே இல்லை டீச்சர். சேத்தூர்ல யாருக்கு அது தெரியாது? உங்களுக்கு ஞானஸ்நான ஏடு இருந்துச்சு. அவருக்கு இல்லை. அம்புட்டுதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முந்தின நாளிலிருந்து மைக்கேலைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அவன் பக்கம் திரும்ப முடியாமல் நின்றாள்.

பால்துரை மெல்லக் கேட்டார். "இவங்க ஒரு ஜோடிதானா? இன்னும் எத்தனை பிள்ளைக இப்படி விழுங்கப்பட்டிருக்கும்?"

"தெரியாது சார்" என்றாள் ரோசம்மாள். "ரெண்டாவதா வந்ததை அது எங்கேயும் எழுதி வைக்கிறது இல்லை. பத்தா, ஐம்பதா, கண்டுபிடிக்கவே முடியாது. பட்டியல்ல பேர் இல்லைன்னா மார்க் பத்தலைன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல இருந்திருப்பாங்க."

சுடலையம்மாளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவள் எழுந்து மேஜைக்கு வந்தாள். "அப்படின்னா ஐயா, அந்த இடம் எம் மகளுக்குத்தான?"

பால்துரை பட்டியலை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். மார்க் வரிசையில் நாற்பதாவது, கடைசிப் பெயர், 871. "பெரியவள் பேர் ஒழுங்காப் பதிவாகியிருந்தா சின்னவள் நாற்பத்தொண்ணு. வந்திருக்கவே மாட்டா."

"நாற்பத்தொரு பேரா எடுத்துக்கிட முடியாதா?" என்று கேட்டார் சுயம்புலிங்கம். குரல் சற்று இறங்கியிருந்தது.

"நாற்பதுக்குத்தான் அனுமதி. ஒரு தலை கூடினா அரசாங்கத்துல யாரையுமே பரீட்சை எழுத விட மாட்டான். நான் சிபாரிசுக்கே மசியாதவன், பரிதாபத்துக்கு மசிஞ்சா அப்புறம் அந்தக் கடிதக் கட்டை எல்லாம் அவிழ்க்கணும்."

"சின்னவளுக்கு அடுத்த வருஷம்?"

"அவளுக்கும் சர்டிபிகேட்டுல அதே தேதிதானே."

கதவோரம் நின்றவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வெள்ளத்தாய் பெஞ்சிலிருந்து எழுந்தாள். விட்டுக்கொடுப்பாள் என்று ரோசம்மாள் நினைத்திருக்கலாம். வேண்டிக்கொண்டுகூட இருந்திருக்கலாம். கதைகளில் அப்படித்தான் நடக்கும்.

"எனக்கு அந்த இடம் வேணும் சார்" என்றாள் பெரிய வெள்ளத்தாய். "அவளுக்கும் வேணும்னு தெரியும். ஆனா எனக்கு வேணும்." சொல்லி முடித்ததும் இருமல் வந்துவிட்டது. சின்னவள்தான் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்து வந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. அரை மணி நேரத்தில் பால்துரை இரண்டு கையெழுத்துப் போட்டார். ஒருத்தி பாயோடு உள்ளே போனாள். இன்னொருத்தி நீலப் பாவாடையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, வந்தபோது உடுத்திய தாவணியில் வெளியே வந்தாள். ரோசம்மாள் முற்றத்தில் நின்று அவளிடம் ஏதோ சொல்லப் போனாள். பாதியில் திரும்பிவிட்டாள்.

"நான் என்ன செய்யட்டும் சார்?" என்று சுயம்புலிங்கத்திடம் கேட்டாள்.

"அந்த வரிகளைத் திரும்ப எழுதுங்க. பக்கத்துல காரணத்தையும் எழுதுங்க."

"அது போதுமா?"

"போதாது" என்றார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

சுந்தரபாண்டியம் வழியாகப் போகிற பஸ் மூன்றரைக்கு. அந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் இரண்டே பேர், சுடலையம்மாளும் சின்ன வெள்ளத்தாயும். பஸ்ஸில் வேறு இடம் இல்லாததால் ஒரே சீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. சுயம்புலிங்கமும் ரோசம்மாளும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். ஜெயித்த கேஸ். சுடலையம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ கொடுக்க வந்தாள், அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் ஏறி எஞ்சினை முடுக்கினார். அப்போதுதான் சின்ன வெள்ளத்தாய் வாயைத் திறந்தாள்.

"அத்தே."

"என்னட்டி?"

"வீட்டுல எங்கம்மா நான் நர்சு ஆயிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா. எனக்குச் சொல்ல வராது. நீங்க வந்து சொல்லுதீயளா?"

பஸ் நகர்ந்தது. சுடலையம்மாள் கம்பியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"சொல்லுதேன்" என்றாள்.